குடலில் தைத்த பை

தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய்; தசைக்குள் இறங்கிவிட்டது. கீமோ உறுதி. அதோடு பையையே எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு வழியிலும் கீமோ உண்டு, ஆனால் அதன் வேலை வேறு. ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் முன்கூட்டியே கொடுப்பார்கள். பையைத் தாண்டி ரத்தத்தில் நழுவிய செல்களைத் துரத்த. கதிர்வீச்சு என்றால், கட்டியை முதலில் டியூப் வழியாகச் சுரண்டி எடுத்துவிட்டு, கதிர் பாயும் நாட்களிலேயே சிறு அளவில் கொடுப்பார்கள். மிச்சமிருக்கும் செல்கள் கதிருக்குச் சீக்கிரம் பணிய. 2012-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் 360 பேர். கதிரோடு கீமோவும் பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகள் வரை இடுப்புப் பகுதியில் நோய் திரும்பவில்லை; கதிர் மட்டும் பெற்றவர்களில் 54 சதவீதம்.

ஆபரேஷனில் ஆண்களுக்குப் புரோஸ்டேட்டும், பெண்களுக்குப் பெரும்பாலும் கர்ப்பப்பையும் சேர்ந்தே போகும். பிறகு சிறுநீர் எங்கே தங்கும்? இங்கேதான் அறுவை மருத்துவத்தின் அபூர்வமான கைவேலை இருக்கிறது. சிறுகுடலில் சுமார் 50 செ.மீ. துண்டை, ரத்தக்குழாய் அறாமல் பிரிக்கிறார்கள். பெருங்குடலோடு சேரும் கடைசி ஒரு சாணைத் தொடமாட்டார்கள். வைட்டமின் பி12 அங்கேதான் உறிஞ்சப்படுகிறது. குழாயாகவே விட்டால் குடல் பழைய வழக்கப்படி சுருங்கித் தள்ளும், சிறுநீர் கசியும். அதனால் நீளவாக்கில் அறுத்து விரித்து, மடித்து, உருண்டையாகத் தைக்கிறார்கள். பழைய பேண்ட்டின் காலைப் பிரித்துச் சந்தைப் பை தைத்துத் தரும் தையல்காரரின் வேலைதான். மடித்துத் தைத்ததில் ஒரு பக்கத் தசையின் தள்ளலை மறுபக்கம் கெடுத்துவிட, அழுத்தம் ஏறாமல் பை நிரம்புகிறது. பெர்ன் நகரில் ஸ்டூடர், உல்ம் நகரில் ஹவுட்மான் என்ற அறுவை மருத்துவர்கள் 1980களில் இதைச் செம்மைப்படுத்தினார்கள்.

ஆனாலும் குடல் குடல்தான். சளி சுரந்து சிறுநீரில் வெள்ளைத் திரியாக வரும். நிரம்பிவிட்டதை முன்போல உணர்த்தாது. இரவில் அலாரம் வைத்து எழுந்து, உட்கார்ந்து, வயிற்றை முக்கிப் போகப் பழக வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு வயிற்றில் துளையிட்டு வெளியே பை ஒட்டுவார்கள்.

எது உயிரைக் காக்கும்? இரண்டுக்கும் தகுதியான 722 பேரின் பதிவுகளை அமெரிக்க, கனடிய மருத்துவர்கள் ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் நோய் வேறு உறுப்புக்குப் பரவாதவர்கள் ஆபரேஷனில் 74, கதிரில் 75 சதவீதம். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல அது. கதிர் பெற்ற 282 பேரில் 38 பேருக்குப் பின்னால் பையை எடுக்க நேர்ந்தது. ஒற்றைக் கட்டி, சிறுநீரகத்தில் நீர் தேங்காத நிலை, இதெல்லாம் இருந்தால் கதிர் நன்றாக ஒத்துவரும். பையை வைத்துக்கொண்டவர்கள் ஆயுள் முழுக்க டியூப் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் சேராத ஒன்று, தூரம். கதிர்வீச்சு நான்கிலிருந்து ஆறரை வாரம், வாரம் ஐந்து நாள். பாலக்காட்டுக்காரருக்குக் கோவை 50 கி.மீ.; போய்த் திரும்பலாம். தேவிகுளத்துக்காரர் கோட்டயத்துக்கோ மதுரைக்கோ மலையிறங்கி, அங்கேயே அறை எடுக்க வேண்டும். புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு; ஆனால் தேவிகுளம் இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் ரயிலே இல்லை. தினக்கூலியில் ஓடும் வீட்டிலிருந்து துணைக்கு யார் வருவது? தங்க இடமில்லை என்பதற்காக ஒருவர் சிறுநீர்ப்பையை இழப்பது பெரிய அநியாயம். தேயிலைக் காட்டில் கழிப்பறை இல்லாமல் அடக்கியே பழகிய பெண்களுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால், நீர்க்கடுப்பு என்று மாத்திரை கொடுத்தே மாதங்களை ஓட்டுவதும் அப்படித்தான். வலியில்லாமல் ஒரே ஒருமுறை ரத்தம் போனாலும் பரிசோதிக்க வேண்டும்; பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அன்றைக்கே.

அந்த வாசகர் ஆபரேஷன் டாக்டரையும் கதிர்வீச்சு டாக்டரையும், முடிந்தால் ஒரே ஆஸ்பத்திரியில், முடிவெடுக்கும் முன்பே பார்த்துவிடட்டும். பயாப்சி ரிப்போர்ட், சி.டி. ஸ்கேன், சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின் அளவு மூன்றும் கையில் இருக்கட்டும். கிரியாட்டினின் அதிகமானால் சிஸ்பிளாட்டின் என்ற முக்கியமான கீமோ மருந்தைக் கொடுக்க முடியாமல் போகலாம். அப்போது இரண்டு டாக்டர்களின் யோசனையுமே மாறும்.