கற்றைக் குளிர்விப்பு

துகள் முடுக்கியில் செல்லும் கற்றையின் ஒழுங்கற்ற இயக்கத்தைக் குறைத்து, அதனை ஒடுங்கியதாகவும் அடர்த்தியானதாகவும் மாற்றும் முறைகள் கற்றைக் குளிர்விப்பு எனப்படுகின்றன. இங்கு வெப்பநிலை என்பது, கற்றையுடன் சேர்ந்து பயணிப்பவர் காணக்கூடிய துகள்களின் தாறுமாறான அசைவைக் குறிக்கும். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடினாலும், துகள்கள் அனைத்தும் ஒன்றுபோல ஓடினால் அது குளிர்ந்த கற்றையே.

தேவை

காந்தங்களால் கற்றையைக் குவிக்கலாம். ஆனால் அதன் குறுக்களவு சுருங்கும்போது துகள்களின் திசைப் பரவல் கூடிவிடும். இரண்டையும் ஒருங்கே குறைக்கக் குவிப்பு மட்டும் போதாது என்பது லியூவில் தேற்றத்தின் விளைவாகும். எதிர் புரோட்டான்களைச் சேகரிப்பதில் இது பெருந்தடையாக இருந்தது. புரோட்டான்களை உலோக இலக்கில் மோதச் செய்யும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் புரோட்டான்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே பயன்படத்தக்க எதிர் புரோட்டான்கள் கிடைக்கின்றன. அவையும் பல திசைகளில், பல ஆற்றல்களுடன் சிதறுகின்றன.

எலக்ட்ரான் குளிர்விப்பு

இம்முறையை 1966இல் சோவியத் இயற்பியலாளர் கெர்ஷ் புட்கர் முன்மொழிந்தார். வளையத்தின் ஒரு பகுதியில், கற்றையின் சராசரி வேகத்திலேயே செல்லும் குளிர்ந்த எலக்ட்ரான்கள் அதனுடன் கலக்கப்படுகின்றன. மின்விசை மோதல்களால் துகள்களின் வெப்பம் எலக்ட்ரான்களுக்கு மாறுகிறது. சூடேறிய எலக்ட்ரான்கள் வெளியேற, புதியவை வந்துகொண்டே இருக்கும். 1974இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் இது செய்து காட்டப்பட்டது.

தற்போக்குக் குளிர்விப்பு

நெதர்லாந்தைச் சேர்ந்த சைமன் வான் டெர் மீர், செர்ன் ஆய்வகத்தில் இம்முறையை உருவாக்கி, 1972இல் அறிக்கையாக வெளியிட்டார். வளையத்தின் ஓரிடத்தில் உள்ள உணரி, கடந்து செல்லும் சிறு துகள் கூட்டத்தின் சராசரி விலகலை அளக்கிறது. அந்தச் சைகை பெருக்கப்பட்டு, வளையத்தின் குறுக்கே குறுக்குவழியில் அனுப்பப்படுகிறது. துகள்கள் வளைந்து சுற்றி வந்து சேரும் அதே கணத்தில், எதிர்ப்புறத்திலுள்ள மின்முனைகள் விலகலைத் திருத்தும் சிறு உந்தலை அளிக்கின்றன.

கூட்டத்தில் ஒரு துகளுக்கு ஏற்ற திருத்தம் மற்றவற்றுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆயினும் வேக வேறுபாடுகளால் கூட்டத்தின் உறுப்பினர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், பிற துகள்களால் நேரும் தவறான உந்தல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். தன் விலகலுக்கான திருத்தம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். துகள்களுக்கு இடையே வெற்றிடம் இருப்பதாலும், அவற்றின் நிலை அளக்கப்படுவதாலும் லியூவில் தேற்றம் இங்கு மீறப்படுவதில்லை.

பயன்கள்

1980இல் செர்னில் இயங்கத் தொடங்கிய எதிர் புரோட்டான் திரட்டி வளையம் இம்முறையைக் கையாண்டது. அங்கு சேகரிக்கப்பட்ட கற்றைகளைப் புரோட்டான்களுடன் மோதவிட்டதன் மூலம் 1983இல் டபிள்யூ, இசட் போசான்கள் கண்டறியப்பட்டன. இதற்காகக் கார்லோ ரூபியாவும் வான் டெர் மீரும் 1984ஆம் ஆண்டின் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மியூவான்கள் ஓய்வு நிலையில் சராசரியாக 2.2 மைக்ரோ நொடிகளே நிலைத்திருப்பதால், அவற்றுக்கு மேற்கண்ட இரு முறைகளும் மிக மெதுவானவை. எனவே அவற்றைப் பொருளினூடே செலுத்தி ஆற்றலை இழக்கச் செய்து, பின்னர் முன்னோக்கிய திசையில் மட்டும் முடுக்கும் அயனியாக்கக் குளிர்விப்பு ஆராயப்படுகிறது.