கருனி அமைவாக்கமும் கலைச்சொல்லாக்கமும்: ஓர் அறிமுக ஆய்வு

கணினியைப் பயன்படுத்துதல் வேறு. அது எவ்வாறு இயங்குதல் வேண்டும் எனத் தீர்மானித்தல் வேறு. முன்னையது நுகர்வோர் நிலை. பின்னையது ஆக்குவோர் நிலை. நம்மவருட் பெரும்பாலார் முன்னைய நிலையிலேயே நின்றுவிடுகின்றனர். இவ்விரு நிலைகளுக்குமிடையிலான எல்லை தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று, பணிசெயல் முறைமையின் கருனியை ஒரு குறிப்பிட்ட முறைவழியாக்கிக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் பணியாகும். இது முற்றிலும் பொறியியலாளருக்குரிய விடயம் என்று கருதப்படுகின்றது. எனினும், அப்பணி அடிப்படையில் ஒரு வினாக்கொத்துக்கு விடையளிக்கும் செயலே. வினாவை விளங்கிக்கொள்ளாதவன் விடையளிக்க இயலாது. அவனுக்காகப் பிறர் விடையளித்துவிடுவர். அப்பணியின் இயல்பை விளக்குவதும், அது நமது மொழியோடு கொண்டுள்ள தொடர்பைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. கருனி என்பது யாது?

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயல்நிரல்களுக்கும் இடைநின்று இரண்டையும் ஆளும் மென்பொருட் பகுதியே கேர்னல் எனப்படும் கருனி. நினைவகத்தைப் பங்கிடுதல், முறைவழியாக்கியின் நேரத்தைப் பல நிரல்களுக்கு வகுத்தளித்தல், தட்டச்சுப் பலகை, வட்டு, வலையமைப்பு முதலிய சாதனங்களோடு உரையாடுதல் ஆகியன அதன் தலையாய கடமைகள். இன்று பெருவழக்கிலுள்ள லினக்ஸ் கருனி 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவரால் இன்டெல் 80386 என்னும் ஒரேயொரு முறைவழியாக்கிக்கென எழுதப்பட்டது. இப்பொழுது அதுவே கைத்தொலைபேசி தொடக்கம் மீக்கணினி ஈறாகப் பல்வேறு முறைவழியாக்கிகளில் இயங்குகின்றது.

ஒவ்வொரு முறைவழியாக்கிக் குடும்பமும் தனக்கெனக் கட்டளைத் தொகுதி ஒன்றைக் கொண்டுள்ளது. அதனையே கட்டமைப்பு என்கிறோம். இன்டெல் கட்டமைப்புக்கென ஆக்கப்பட்ட இருமக் கோப்பு ஆர்ம் கட்டமைப்பில் இயங்காது. எனவே, லினக்ஸின் மூலநிரல் ஒன்றேயாயினும் அதிலிருந்து கட்டமைப்புத்தோறும் வெவ்வேறு கருனிகள் கட்டப்படவேண்டியுள்ளன. ஒரு கட்டமைப்புடைய பொறியில் இருந்துகொண்டே வேறொரு கட்டமைப்புக்குரிய கருனியைக் கட்டுதலும் உண்டு. அதனைக் குறுக்குத் தொகுப்பு எனலாம். அவ்வாறு செய்கையில் இலக்குக் கட்டமைப்பு எது, அதற்குரிய தொகுப்பி எது என்னும் இரண்டையும் முதலிலேயே கூறிவிடவேண்டும். கூறாதுவிடின், நாம் எந்தப் பொறியில் அமர்ந்திருக்கின்றோமோ அந்தப் பொறிக்கே கருனி அமைந்துவிடும்.

2. வினாக்கொத்தின் இயல்பு

கட்டமைப்பைத் தெரிந்த பின்னர் தெரிவுகள் தொடங்குகின்றன. 2002ஆம் ஆண்டு முதல் இத்தெரிவுகள் கே-கொன்ஃபிக் எனப்படும் ஒரு சிறு விவரண மொழியில் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றின் தொகை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டது. சில வினாக்கள் எண்ணையோ சொல்லையோ விடையாக வேண்டுவன. சில ஆம், இல்லை என்ற இரண்டனுள் ஒன்றை வேண்டுவன. மற்றும் பல மூன்று விடைகளுக்கு இடந்தருவன. 'ஆம்' எனின் அவ்வசதி கருனியின் உடலோடு ஒன்றாகச் சேர்க்கப்படும். 'இல்லை' எனின் முற்றாக விலக்கப்படும். 'கூறு' எனின் தனிக் கோப்பாக ஆக்கி வைக்கப்பட்டு, தேவை நேரும்போது மட்டும் கருனியுள் ஏற்றப்படும்.

வினாக்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரு வினா மற்றொன்றன் விடையைச் சார்ந்திருக்கலாம்; அல்லது ஒன்றைத் தெரிந்தமையாலேயே வேறொன்று தானாகத் தெரியப்பட்டுவிடலாம். ஆகவே, நாம் தேடும் வினா பட்டியலிற் காணப்படவில்லையெனின் அது இல்லை என்பது பொருளன்று. அதற்கு முற்பட்ட ஏதோவொரு நிபந்தனை நிறைவேறவில்லை என்பதே பொருள். இத்தனை வினாக்களுக்கும் ஒருவர் தனித்தனியே விடையளித்தல் அரிது. ஆதலின், ஒவ்வொரு கட்டமைப்புக்கும் டெஃப்கொன்ஃபிக் எனப்படும் முன்னிருப்பு விடைத்தொகுதி ஒன்று மூலநிரலோடு வழங்கப்படுகின்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு மெனுகொன்ஃபிக் எனும் பட்டியல் முகப்பின் வழியாக வேண்டிய மாற்றங்களைச் செய்துகொள்வதே வழக்கம். முடிவான விடைகளனைத்தும் ஒரு கோப்பிற் பதியப்படுகின்றன. புதிய பதிப்பு வெளிவரும்போது அப்பழைய கோப்பை வைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த வினாக்களை மட்டும் கேட்குமாறு ஓல்ட்கொன்ஃபிக் என்னும் வழியும் உளது.

விடையின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கணினியின் வட்டிலுள்ள கோப்பு முறைமையை வாசிக்கும் வசதியைக் 'கூறு' என விடையளித்துக் கட்டிவிட்டோம் என வைத்துக்கொள்வோம். அக்கூறு வட்டிலேயே இருக்கின்றது. வட்டை வாசிக்கவோ அக்கூறு வேண்டும். தொடக்க நிலைக்கென நினைவகத்தில் ஏற்றப்படும் இடைக்காலக் கோப்பு முறைமை இன்றேல், திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவாறாகக் கருனி பாதிவழியில் நின்றுவிடும். வினா சிறிது, விளைவு பெரிது.

3. சென்னையில் உருவான முறைவழியாக்கி

தமிழ்நாட்டில் நிகழ்ந்த முயற்சியொன்று இத்தெரிவுகளின் பொருளை நன்கு விளக்கவல்லது. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழுவினர் 'சக்தி' என்ற பெயரில் முறைவழியாக்கிகளை வடிவமைத்தனர். இவை ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டமைப்பைத் தழுவியவை. அக்கட்டமைப்பு 2010இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. அதன் கட்டளைத் தொகுதியை எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சிறப்பு. இன்டெல், ஆர்ம் ஆகியவற்றின் கட்டளைத் தொகுதிகள் தனியுடைமைகளாக இருத்தலோடு இதனை ஒப்புநோக்குக. லினக்ஸ் கருனியின் 4.15ஆம் பதிப்பு 2018 சனவரியில் இக்கட்டமைப்பை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில், இன்டெல்லின் 22 நனோமீற்றர் ஆலையில் ஆக்கப்பட்ட சக்திச் சில்லு லினக்ஸை இயக்கிக் காட்டியது. பின்னர் சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள ஆலையில் 180 நனோமீற்றர் முறையிலும் சக்திச் சில்லு ஆக்கப்பட்டது.

இத்தகைய ஒரு முறைவழியாக்கிக்குக் கருனி கட்டுவோர் எதிர்கொள்ளும் வினாக்களுள் முதன்மையானவற்றை இங்கு நோக்கலாம்.

முதலாவது, அகலம் பற்றியது: 32 பிட்டா, 64 பிட்டா? சக்தியின் சி வகுப்பு 64 பிட் முறைவழியாக்கி. இவ்விடை பிழைப்பின் ஏனைய விடைகள் யாவும் பயனற்றனவாகும்.

இரண்டாவது, நினைவக மேலாண்மை அலகு பற்றியது. ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி முகவரிவெளி உண்டு என்னும் தோற்றத்தைத் தந்து, ஒன்றன் நினைவகத்தில் மற்றொன்று தலையிடாது காப்பது அவ்வலகே. சி வகுப்பில் அது உண்டு. சிறு கருவிகளுக்கென அமைந்த இ வகுப்பு, நிகழ்நேரச் சிறு முறைமைகளை இயக்கும் பொருட்டு எளிமையாக அமைக்கப்பட்டது. ஒரே குடும்பத்தின் இரு உறுப்பினருக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதை இது உணர்த்துகின்றது.

மூன்றாவது, சுருக்கக் கட்டளைகள் பற்றியது. ரிஸ்க்-ஃபைவின் வழமையான கட்டளை 32 பிட் நீளமுடையது. 16 பிட்டில் அமைந்த சுருக்கக் கட்டளைகள் கருனியின் பருமனைக் குறைக்கும். ஆயின், அவ்வசதியற்ற முறைவழியாக்கியில் அத்தகைய கருனியை ஏற்றினால் முறைவழியாக்கி அக்கட்டளையை அறியாது மறுத்துவிடும். அம்மறுப்புத் தொடக்கத்திலேயே நிகழுமாதலால் திரையில் ஓர் எழுத்துத்தானும் தோன்றாது. பிழை எங்கே என்பதைப் பிழையே மறைத்துவிடும்.

நான்காவது, மிதவைப் புள்ளி அலகு பற்றியது. முறைவழியாக்கியில் அவ்வலகு இருந்தும் கருனியில் அதனை விலக்கிவிட்டால், அதனை நம்பி ஆக்கப்பட்ட பயன்பாட்டு நிரல்கள் இயங்கா.

இவற்றோடு, கருவகங்கள் எத்தனை, தொடர்நிலைத் துறைக்குரிய இயக்கி எது என்பன போன்ற வினாக்களும் உள. பலகையில் எச்சாதனம் எம்முகவரியில் உள்ளது என்ற விவரம் சாதன மரம் எனப்படும் தனி ஆவணத்தில் எழுதப்பட்டுத் தொடக்கத்தில் கருனியிடம் கையளிக்கப்படுகின்றது. புதிய பலகை ஒன்றிற் கருனி இயங்கத் தவறினால் முதலில் நோக்கவேண்டியன அம்மரமும், தொடர்நிலைத் துறை பற்றிய விடையுமேயாகும். தொடர்நிலைத் துறையின் வழியாகவே கருனி தன் முதற் சொற்களைப் பேசுகின்றது.

4. விடையளிப்போர் யாவர்?

பெரும்பாலான பயனர் கருனியைத் தாமே கட்டுவதில்லை. வழங்கல் நிறுவனங்கள் கட்டித் தருவதையே ஏற்கின்றனர். அதாவது, வினாக்கொத்துக்குப் பிறர் எழுதிய விடைகளை ஏற்கின்றனர். அதில் இயல்பாகத் தவறேதுமில்லை. ஆனால், அவ்விடைகள் எவருடைய பொறிகளை மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றன என்பதே கேள்வி.

32 பிட் இன்டெல் பொறிகளில் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தை அணுகுவதற்கு முகவரி விரிவு என்னும் வசதி 1995இல் அறிமுகமானது. அதனை 'ஆம்' என விடையளித்துக் கட்டிய கருனி, அவ்வசதியற்ற முறைவழியாக்கியில் தொடங்காது. 2003இல் மடிக்கணினிகளில் வந்த பென்டியம் எம் வகையின் முதற் தலைமுறை அவ்வசதியை அறிவிப்பதில்லை. 2012இல் உபுண்டுவின் 12.10 பதிப்பு முகவரி விரிவற்ற கருனியைக் கைவிட்டது. அந்நாளில் அப்பொறிகள் பழுதடைந்திருக்கவில்லை. அவற்றுக்குரிய விடை மாத்திரமே நீக்கப்பட்டது. அவ்வாறே, லினக்ஸ் பிறந்த 80386 முறைவழியாக்கிக்கான ஆதரவும் 2013இல் வெளிவந்த 3.8ஆம் பதிப்பில் அகற்றப்பட்டது. 2025 ஓகஸ்ட் மாதம் வெளியான டெபியன் 13, 32 பிட் இன்டெல் பொறிகளுக்குக் கருனியையோ நிறுவியையோ வழங்கவில்லை.

இம்முடிவுகளுக்குத் தக்க காரணங்கள் உண்டு. பழைய கட்டமைப்புகளைப் பேணுதல் உழைப்பை வேண்டுவது. அவ்வுழைப்பைத் தருவோர் குறைந்துவருகின்றனர். எனினும், வசதி படைத்தோர் கழித்த பொறிகளையே வசதியற்றோர் முதற் பொறியாகப் பெறுகின்றனர் என்பது சமூக உண்மை. அவர்களுக்குக் கருனியைத் தாமே அமைத்துக்கொள்ளும் அறிவு ஆடம்பரமன்று. தீர்ந்துபோகாத பொறி குப்பையாவதும் வகுப்பறையில் நிலைப்பதும் அவ்வறிவைப் பொறுத்தன. மூலநிரல் திறந்துள்ளது, கதவு பூட்டப்படவில்லை. கதவின் மேல் எழுதப்பட்டிருப்பதை வாசிக்க இயலாமையே தடையாகின்றது.

5. காரைதீவு நினைவூட்டும் பணி

இவ்விடத்து மொழி பற்றிய சிந்தனை இன்றியமையாததாகின்றது. கே-கொன்ஃபிக்கின் வினாக்களும் விளக்கங்களும் ஆங்கிலத்திலேயே உள்ளன. முகப்பைப் பிறமொழிகளிற் பெயர்ப்பதற்கான ஏற்பாடு ஒன்று முன்னர் இருந்தது. பயன்படுத்துவோர் இல்லையென்ற காரணத்தால் அது 2018இல் நீக்கப்பட்டது. தமிழகத்தில் வடிவமைக்கப்பட்ட முறைவழியாக்கி லினக்ஸை இயக்கிய அதே ஆண்டிலேயே, கருனியின் வினாக்களைத் தமிழிற் கேட்பதற்கு இருந்த வாயிலும் அடைபட்டது. எவரும் நம்மைத் தடுக்கவில்லை. நாம் அவ்வாயிலை நாடவில்லை என்பதே உண்மை.

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்த காரைதீவு, 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கிய அவர், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவரைப் பொறுத்தவரை கலைச்சொல், கற்பித்தலின் தேவையோடு பிணைந்ததொன்று. பொருளை அறிந்தவர் அதனை அறியாதவருக்கு விளக்க முற்படும்போதே சொல் பிறக்கின்றது; அகராதியை முதலில் ஆக்கிவிட்டு அறிவைப் பின்னர் தேடுதல் இயலாது.

இன்று நமக்குள்ள இடர் சொல்லின்மையன்று; சொற்கள் பிரிந்து நிற்றலே. இலங்கைப் பாடநூல் 'பணிசெயல் முறைமை' என்பதைத் தமிழ்நாட்டார் 'இயக்க முறைமை' என்றும் 'இயங்குதளம்' என்றும் வழங்குகின்றனர். நமது 'முறைவழியாக்கி' அங்கு 'செயலி'. அதே 'செயலி' கைத்தொலைபேசியின் பயன்பாட்டு நிரலையும் குறிக்கின்றது. இரு கரைகளிலும் ஒரே கருனியைப் பற்றி எழுதுவோர் ஒருவரையொருவர் வாசிக்கத் தடுமாறுகின்றனர். அகராதிக் குழுக்களால் மட்டும் இப்பிளவு நீங்காது. ஒரே பணியில் இரு கரையினரும் ஈடுபடும்போது நின்று நிலைக்கும் சொல் நிலைக்கும், ஏனையவை உதிரும்.

பொறியியலாளர் ஆங்கிலம் அறிந்தவர்தாமே, தமிழ் எதற்கு என்ற வினா எழலாம். தேர்ந்த பொறியியலாளருக்குத் தமிழ் விளக்கம் தேவையற்றதாக இருக்கலாம். ஆனால், தமிழ்மொழி மூலம் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் உயர்தர மாணவரும், பாடசாலைக் கணினிக் கூடத்தைப் பேணும் ஆசிரியரும் முதல் வினாவிலேயே திரும்பிவிடாதிருக்க அது தேவை. பொறியியலாளர் அவர்களுள்ளிருந்தே தோன்றவேண்டும்.

செய்யத்தக்கது யாது? தெரிவுகளின் குறியீட்டுப் பெயர்களை மொழிபெயர்த்தல் வேண்டா; அவை நிரலின் உறுப்புகள், மாற்றினால் நிரல் முறியும். பத்தாயிரம் வினாக்களையும் பெயர்க்க முற்படுதலும் வீண். ஒரு கட்டமைப்புக்கே உரிய வினாக்கள் அவற்றுள் ஒரு சிறு பகுதியே. அப்பகுதிக்கு, ஒவ்வொரு வினாவும் எதனைக் கேட்கின்றது, 'ஆம்' என்றால் என்ன நிகழும், 'இல்லை' என்றால் எது இழக்கப்படும் எனத் தமிழில் விளக்கும் கைந்நூல் ஒன்று ஆக்கப்படலாம். கட்டற்ற கட்டமைப்பாகிய ரிஸ்க்-ஃபைவிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. காரைதீவுக்கு அண்மையில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் உள்ளன. தமிழ்ச் சங்கங்களும் கணினித் துறை மாணவரும் கைகோத்தால் இப்பணி ஒரு கல்வியாண்டின் முயற்சிக்குள் அடங்கக்கூடியதே. எழுதிய விளக்கம் ஒவ்வொன்றையும், அதன்படி ஒரு கருனியைக் கட்டி இயக்கிப் பார்த்த பின்னரே அச்சிடுதல் வேண்டும். கருனி இயங்கினால் விளக்கம் சரி, இயங்காவிடின் திருத்துக. கலைச்சொல்லுக்கு இதனினும் நேர்மையான தேர்வுக்களம் கிடைத்தல் அரிது.