மலையேறுவோர் முதுகுப்பையின் தகுதி

1991-ஆம் ஆண்டில், ஒசுத்திரிய இத்தாலிய எல்லையை அடுத்த அல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியினின்றும், ஏறத்தாழ 5,300 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த மனிதனொருவனின் உடல் வெளிப்பட்டது. அதன் அண்மையில் வளைக்கப்பட்ட நீண்ட கம்பொன்றும் சிறு பலகைகள் இரண்டும் காணப்பட்டன. அவற்றை முதுகிற் சுமை தாங்கும் சட்டமொன்றின் உறுப்புக்களென ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அது உண்மையாயின், பையினும் சட்டமே முதன்மையானது என்பதை மலைவாழ் மாந்தர் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர் எனலாம். இன்று பெரும்பயணப் பையை வாங்கச் செல்வோரோ, அது எத்தனை லீற்றர் கொள்ளும் என்ற வினாவுடனேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர்.

70 முதல் 100 லீற்றர் வரை கொள்ளும் பை யாவர்க்கும் வேண்டியதன்று. எவறெஸ்ற்று ஏறுவோரிற் பெரும்பாலார்க்கு, அடிவாரப் பாசறை வரை சுமையாளரும் யாக் எருதுகளும் பொருள்களைக் கொண்டு சேர்ப்பர். அலாஸ்காவிலுள்ள தெனாலி மலை 6,190 மீற்றர் உயரமே உடையது. ஆயினும் ஆங்குச் சுமையாளர் இலர். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு வேண்டிய உணவையும் எரிபொருளையும் ஏறுவோரே ஒரு பகுதி முதுகிலும் மறுபகுதி சறுக்குவண்டியிலுமாகக் கொண்டு செல்வர். எனவே பையின் பருமனைத் துணிவது மலையின் உயரமன்று. சுமையைப் பகிர்வார் உளரா இலரா என்பதே.

பருமன் துணியப்பட்டபின் ஆராயவேண்டுவது, பாரம் உடம்பின் எவ்வுறுப்பிற் சென்று தங்குகின்றது என்பதாம். தோள் பாரந் தாங்குதற்கு ஏற்ற உறுப்பன்று. கழுத்தினின்றும் கைக்குச் செல்லும் நரம்புகளைத் தோட்பட்டி நெடுநேரம் அழுத்துமாயின் கை மரத்துப்போதலும் வலுவிழத்தலும் நேரும். படைவீரரிடை இந்நோய் பலகாலும் கண்டறியப்பட்டுள்ளது. இடுப்பெலும்போ உடலின் மேற்பாதியை என்றும் தாங்குவது. அதன்கீழ் உள்ளவை உடலின் மிக வலிய தசைகள். 1952-இல் கலிபோர்ணியாவில் டிக் கெல்ற்றி என்பார் அலுமினியச் சட்டம் பொருத்திய பைகளைத் தம் வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். பைகளைத் தைத்தவர் அவர்தம் மனைவியார். சட்டத்தின் கீழ்முனைகளைக் காற்சட்டையின் பின்பைகளுட் செருகிய பொழுது தோட்சுமை குறைந்தமை கண்டே இடுப்புப்பட்டியின் பயனை அவர் உணர்ந்தார் என்பர். 1963-ஆம் ஆண்டின் அமெரிக்க எவறெஸ்ற்றுக் குழுவினர் அவருடைய பைகளைக் கொண்டு சென்றனர். 1967-இல் கிறெக் லோ என்பவர் சட்டத்தைப் பையின் உள்ளே அமைத்தார். அதனாற் பை முதுகோடு ஒட்டி நின்றது. பாறையேறுவோர்க்கு இஃது பெருநன்மையாயிற்று.

ஒட்டி நிற்றலின் பயனைச் சிறு கணக்கொன்று விளக்கும். 25 கிலோகிராம் சுமையின் ஈர்ப்புமையம் முதுகெலும்பினின்றும் 20 சதமமீற்றர் தொலைவில் இருப்பின் அதன் திருப்பம் 5 கிலோகிராம்-மீற்றர். 30 சதமமீற்றராயின் 7.5. சுமை கூடவில்லை; உடலைப் பின்னோக்கி இழுக்கும் திருப்பமோ ஒன்றரை மடங்காயிற்று. பாரமான பொருள்களை முதுகை ஒட்டியும், துயிற்பையை அடியிலும் வைத்தல் இதனாலேயாம்.

எத்துணைச் சிறந்த பையும் அளவு பொருந்தாவிடிற் பயனற்றது. ஈண்டு அளவென்பது ஆளின் உயரமன்று. தலையைக் குனியும்போது பிடரியின் அடியிற் புடைத்து நிற்கும் எலும்பு தொடங்கி, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரையுள்ள முதுகின் நீளமே அளவாகும். ஒரே உயரமுடைய இருவர்க்கு இந்நீளம் வேறுபடுதல் உண்டு. வெறும் பையை அணிந்து கண்ணாடியின் முன் நிற்பது சோதனையாகாது. 20 கிலோகிராமேனும் இட்டு, இடுப்புப்பட்டியை முதலிற் பூட்டி, அரைமணி நேரம் படியேறி இறங்கிப் பார்த்தல் வேண்டும்.

பனிமலைக்குரிய பையிற் பின்னும் சில நோக்கற்பாலன. பனிக்கோடரியை மாட்டும் வளையங்கள் கையுறை அணிந்த விரலாலும் இயக்கத்தக்கனவா? தலைக்கவசம் அணிந்தவர் மேல்நோக்குங்கால் பையின் மூடி தடுக்கின்றதா? கயிற்றிற் பிணைக்கும் பாதுகாப்புக் கச்சையின்மேல் இடுப்புப்பட்டி நெருக்காதா? துணி நீர்புகாததாயினும் தையல்வழி நீர் கசியும். உள்ளே நீர்புகாப் பையொன்று வேண்டும். வெறும்பையே 3 கிலோகிராம் நிறுப்பின், பூட்டுக்களும் சிறுபைகளும் மிகைபட்டனவோ என ஐயுறுதல் தகும்.

இடுப்புப்பட்டியே முடிந்த முடிபென்று கொள்வார்க்கு நேபாளச் சுமையாளர் ஒரு மறுப்பாவர். பிரப்பங்கூடையொத்த கூடையில் இட்ட சுமையை நெற்றிப்பட்டியால் தாங்கி அவர் நடப்பர். 2005-இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, நாம்சே நோக்கிச் செல்லும் ஆண்கள் சராசரியாகத் தம் உடல்நிறையில் 93 விழுக்காட்டையும், பெண்கள் 66 விழுக்காட்டையும் சுமந்தனர்; அவ்வாற்றாற் செலவாகிய உடலாற்றலும் முதுகுப்பை சுமந்த ஐரோப்பியர்க்கு ஆயதினும் குறைவு. எனினும் இளமை முதற் பழகிய கழுத்துக்கே அஃது இயலும். புதியவர் அதனைப் பின்பற்றல் நன்றன்று. அவர்தம் நடையிற் கொள்ளத்தக்கது, மெல்ல நடந்து அடிக்கடி நிற்றலாம். நிற்கும்பொழுது குறுங்கோலொன்றைக் கூடையின் அடியில் ஊன்றுவர். நம்மூர்த் தெருவோரச் சுமைதாங்கி செய்யும் பணியை அக்கோல் செய்கின்றது. முதுகுப்பை சுமப்பார்க்கு அத்தகைய துணை இன்மையால், நிறைத்த பையைத் தனியே தூக்கி முதுகிலேற்றவும் இறக்கவும் இயலுமா என்பதையும் கடையிலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.