சேலத்தில் போட்ட செம்புக் குழாய்

பின் அச்சின் மேல் கிடந்த அந்தப் பைப் இரண்டடி நீளம்கூட இராது. குறுக்களவு 3/16 அங்குலம், பீடியைவிட ஒல்லி. கழற்றி எடுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் மேலிருந்த கருப்பை வழித்தேன். உள்ளேயிருந்து செக்கச்செவேலென்று செம்பு தெரிந்தது. ஒரு முனையில், நட்டு உட்காரும் வாயின் கழுத்தில், மயிரிழைபோல ஒரு கீறல். அதைச் சுற்றி ஈரம்.

எனக்கு அந்தப் பைப்பை நன்றாகத் தெரியும். அது வண்டியில் ஏறிய நாளில் நானும் அங்கே இருந்தேன். அது 1984-ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது.

எங்கள் அம்பாசிடர் மார்க் 2 நான் பிறந்த ஆண்டான 1972-ல் வாங்கியது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் வரிசையில் காத்திருந்தால்தான் கார் கைக்கு வரும் காலம் அது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். நான்குக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் வழி. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் பைப் கிளை பிரிந்து முன் சக்கரங்களுக்குப் போகும். இன்னொன்று வண்டியின் அடிவயிற்றோடு ஓடி, ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகப் பின் அச்சுக்கு இறங்கி, அங்கே ஒரு ‘டீ’ இணைப்பில் இரண்டாகப் பிரிந்து இடமும் வலமும் போகும். இதில் எங்கே ஓர் ஊசித்துளை விழுந்தாலும் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது அதுதான் நடந்தது. சேலம் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்குக் கீழே ஒரு வளைவில் அப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் தரைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த கியரை முதலுக்குத் தள்ளினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது தனிக் கம்பியில் பின் சக்கரத்தைப் பிடிப்பது, ஆயிலோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி வண்டி நின்றது. பின் சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

கம்பெனி போட்டிருந்த ஸ்டீல் பைப், கிளிப்புக்கு அடியில் சேறு தங்கித் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. ஸ்டீல் என்றால் சாதாரணக் குழாய் அல்ல. டெட்ராய்ட்டின் பண்டி என்ற நிறுவனம் கண்டுபிடித்த முறை அது: செம்பு பூசிய மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி உலையில் வைத்தால், செம்பு உருகி இரு சுற்றையும் ஒட்டிவிடும். உடம்பு முக்கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. ஆனால் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டு என்றால், அவசரத்தில் அழுத்தி மிதிக்கும்போது இந்தக் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பவுண்டைத் தாண்டும். அதைத் தாங்கும் பலம் அதற்கு உண்டு. அதன் எதிரி ஒன்றுதான்: துரு.

டிராக்டர் கட்டி இழுத்து சேலத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுவந்தோம். மேஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். பைப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பையனை ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் கடைக்கு அனுப்பினார். அவன் ஒரு சுருள் செம்புக் குழாயோடு வந்தான்.

அடுத்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கவில்லை. பழைய பைப் ஓடிய வழியில் கட்டுக்கம்பியை வளைத்து அளவெடுத்தார். அந்தக் கம்பிதான் அவருக்கு வரைபடம். ஹேக்சாவால் அறுத்து, முனையை அரத்தால் ராவி, உள்ளே ஊதிப் பிசிறை எடுத்தார். முனையைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். இரும்பு இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும் என்று பையனுக்குச் சொன்னார். பழைய பைப்பின் நட்டுகளை முதலில் கோத்துவிட்டுத்தான் வாயை விரித்தார். அந்த வரிசையை மறந்தவர்கள் விரித்த வாயை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இந்த வேலை கற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது செய்யும் பிழை அது. எனக்கும் பிறகு நேர்ந்தது. வளைவுகளைக் கட்டைவிரலாலேயே வளைத்தார். ஓரிடத்திலும் குழாய் நசுங்கவில்லை. அச்சின் மேல் வைத்தபோது கம்பெனிப் பைப்பைப் போலவே படிந்து உட்கார்ந்தது.

பிறகு குழாய்க்குள் சிக்கிய ஏர் எடுக்கும் வேலை. என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். "மிதி, மிதி, மிதிச்சுப் பிடி" என்று கீழேயிருந்து குரல் வரும். நட்டைத் தளர்த்துவார், என் காலுக்கடியில் பெடல் மெதுவாக இறங்கும், கண்ணாடிப் பாட்டிலில் குமிழிகள் வரும். நட்டை இறுக்கியபின் "விடு" என்பார். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலிருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கிட்டே வந்தார். கடைசியில் பெடல் கல்லாக நின்றது.

காசு வாங்கும்போது அவர் அப்பாவிடம் சொன்னதையும் நான் கேட்டேன். "சார், இது ஊர் போய்ச் சேர்றதுக்கு. மெட்ராஸ் போனதும் ஸ்டீல் பைப் வாங்கிப் போட்டுருங்க. செம்பு ஆடி ஆடி வெடிச்சுரும்."

அப்பா தலையாட்டினார். மெட்ராஸ் வந்தோம். கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். பைப் மாறவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியில் யார் கை வைப்பார்கள்? 39 வருடம் அந்தச் செம்பு அங்கேயே இருந்தது.

பழைய மெக்கானிக்குகள் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றினார்கள் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். நான் பார்த்தது அப்படி இல்லை. அந்த மேஸ்திரிக்குத் தான் செய்த வேலையின் ஆயுள் தெரிந்திருந்தது, வாய்விட்டும் சொன்னார். சுத்தச் செம்பு அதிர்வில் நாளாக நாளாக இறுகி விறைக்கும். விறைத்த இடத்தில், அதாவது வாயின் கழுத்தில், கீறல் விடும். அவர் சொன்னபடியேதான் விட்டது. கேட்காமல் போனது நாங்கள்தான்.

அவரிடம் குறை சொல்ல ஒன்று உண்டு. அது கருவியின் குறை. அவரிடம் இருந்த விரிக்கும் கருவியில் வாயை ஒரே மடிப்பாகத்தான் விரிக்க முடிந்தது. பிரேக் பைப்புக்கு அது போதாது. வாயை முதலில் உள்பக்கம் மடித்து, அதன் மேல் கூம்பை வைத்து அழுத்தி, உலோகம் இரட்டையாகப் படியும்படி செய்ய வேண்டும். சில வண்டிகளில் இந்த இரட்டை வாய் வேண்டும், சிலவற்றில் குமிழ் போல முன்னால் புடைத்த வாய் வேண்டும். உட்காரும் குழியின் அடி மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மாற்றிப் போட்டால் கசியும். கசிகிறதே என்று மேலும் முறுக்கினால் வாய் நசுங்கி இன்னும் கசியும்.

2023-ல் அந்த நான்கு சக்கரத்துக்கும் பைப்பை நானே செய்தேன். ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். நான் வாங்கியது 25 அடி குப்ரோ-நிக்கல் சுருள்: செம்போடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிக்கல், கொஞ்சம் இரும்பு. பார்த்தால் செம்பும் வெள்ளியும் கலந்தாற்போல இருக்கும். துருப்பிடிக்காது, செம்பு போல விறைத்து வெடிக்காது, கையாலும் வளையும். வோல்வோ 1976-லேயே தன் கார்களில் இதைப் போடத் தொடங்கிவிட்டது. சேலத்து மேஸ்திரி செம்பைத் தேடிப் போனதற்குக் காரணமே அது கைக்கு வளைந்து கொடுக்கும் என்பதுதான். அந்தக் குணமும் எஃகின் உறுதியும் ஒரே குழாயில் வந்துவிட்டன. இதை அவர் கையில் கொடுத்துப் பார்க்க முடியவில்லையே என்று எனக்கு ஏக்கம் உண்டு.

அறுக்க இப்போது சக்கரம் வைத்த கட்டர் இருக்கிறது. வைஸில் பூட்டும் ஃப்ளேரிங் கருவி, கைப்பிடியை இரண்டு முறை இழுத்தால் இரட்டை வாய் போட்டுத் தருகிறது. முதல் ஐந்தாறு வாய்களை வெட்டுத் துண்டுகளில் போட்டுப் பழகினேன். அண்ணன் ஒவ்வொன்றையும் விரல்நுனியால் தடவிப் பார்த்து, நான்கைத் தூக்கி எறிந்தார். வாய் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் விரலுக்குத் தெரிந்தது.

பிரிட்டனில் மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் அளவாக வெட்டி, வாய் போட்டு, நட்டும் கோத்த முழுத் தொகுப்பையே பெட்டியில் வாங்கிவிடுகிறார்கள். அம்பாசிடருக்குப் பழைய பைப்பேதான் இன்றும் வரைபடம். ஆகவே கழற்றிய எதையும் தூக்கிப் போடக் கூடாது. நானும் கட்டுக்கம்பியைத்தான் வளைத்தேன்.

நட்டு விஷயத்தில் இன்றைக்கு ஓர் ஆபத்து கூடியிருக்கிறது. பிரிட்டிஷ் வழி வந்த இந்த வண்டிகளில் மரை அங்குலக் கணக்கு: 3/8 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 24 மரை. இப்போதைய கார்களில் 10 மில்லி. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரே டப்பாவில் இரண்டும் கலந்து கிடக்கும். 3/8 நட்டு 10 மில்லி துளைக்குள் சில சுற்று ஏறி, இறுகியது போலவே காட்டும். மிதிக்கும்போது பிடுங்கிக்கொள்ளும். அளவுமானி வைத்துப் பார்க்காமல் ஒரு நட்டைக்கூட மாட்டக் கூடாது. அந்தக் காலத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. தெருவில் ஓடியதே இரண்டு மூன்று வகைக் கார்தானே.

குழாய்க்குள் ஓடுகிற ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழாய் உள்ளிருந்தும் கெடும். ஆரம்ப காலப் பிரேக் ஆயில் ஆமணக்கெண்ணெயில் ஆல்கஹால் கலந்தது. பிறகு வந்தது கிளைக்கால் வகை. சென்னையின் பாடியில் 1962-ல் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியபின், பிரேக் சாமான்கள் நம் ஊரிலேயே செய்யப்பட்டன. ஆனால் அந்த ஆயிலைக் காலக்கெடு வைத்து மாற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குறைந்தால் ஊற்றுவோம், அவ்வளவுதான். கிளைக்கால் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்தில் புதிய ஆயில் 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230-ம் 155-ம். மலை இறக்கத்தில் டிரம் சூடேறி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிதான் இருக்கும், பெடல் பஞ்சாகிவிடும். அதே ஈரம் எஃகுக் குழாயையும் வீல் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் சொல்லவே வேண்டாம்.

ஏர் எடுக்க வாக்குவம் பம்ப் வந்துவிட்டது. ஒரே ஆள் போதும். ஆனாலும் என் மகளைப் பெடலில் உட்கார வைத்தேன். அண்ணன்தான் கீழே படுத்தார். "மிதிம்மா, மிதி, பிடிச்சுக்கோ." நான்கு சக்கரமும் முடிந்ததும், பெடலை முழுப் பலத்தோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை வைத்துத் தொட்டு எடுத்தார். காகிதம் காய்ந்தே வந்தது.

அம்பாசிடர் உற்பத்தி உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியில் ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவே தருகிறார்கள். அந்தப் பதிவுக்காக பெயின்ட்டுக்கும் குரோமியத்துக்கும் லட்சக்கணக்கில் செலவு செய்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் வண்டியின் அடியில் ஒரு நாள்கூடப் படுத்துப் பார்த்ததில்லை.

உங்களிடம் பழைய கார் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். பின் அச்சின் மேல் ஓடும் இரண்டு பைப்பையும் துணியால் துடையுங்கள். கிளிப்புக்கு அடியில் துரு பொரிந்திருந்தால் மாற்றுங்கள். செக்கச்செவேலென்று செம்பு தெரிந்தாலும் மாற்றுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக இறக்கிப் புதிதாக ஊற்றுங்கள். வேலை முடிகிறவரை வண்டியை எடுக்காதீர்கள்.