வேகப்பந்து வீச்சின் ஆசான்: பம்பலப்பிட்டி மைதானத்திலிருந்து ருமேஷ் ரத்நாயக்க

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பேஸ்போல் அணிகளில் தலைமைப் பயிற்றுநருக்கு அடுத்தபடியாக மிகுந்த பொறுப்பைச் சுமப்பவர் பந்தெறிவுப் பயிற்றுநர் ஆவார். பந்தெறிவாளர் என்பவர் சற்று உயர்த்தப்பட்ட மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள துடுப்பாட்டக்காரரை நோக்கி, பந்து நிலத்தில் படாதவாறு முழு வேகத்தில் எறிபவர். அவருடைய எறியும் முறையைச் சீர்செய்வது, ஒரு நாளில் எத்தனை பந்துகளை எறியலாம், அதன் பின் எத்தனை நாட்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்று வரையறுப்பது, பாடசாலைகளில் வளரும் இளையோரைத் தேடிப்பிடிப்பது ஆகியன பயிற்றுநரின் பணிகளாகும். பல அணிகளில், அடுத்து எவ்வகைப் பந்தை எறிய வேண்டும் என்பதைக்கூட அவரே ஓரத்திலிருந்து அறிவிக்கிறார்.

இப்பதவிக்கு வருவோர் பெரும்பாலும் தாமே பந்தெறிந்தவர்கள். எடுத்துக்காட்டாக, டொம் ஹவுஸ் 1971 முதல் 1978 வரை அட்லாண்டா, பொஸ்டன், சியாட்டில் தொழில்முறை அணிகளுக்காக இடக்கையால் பந்தெறிந்தவர். பின்னர் டெக்சாஸ் அணியில் நோலன் ரயன் என்ற பெரும் வீரருக்குப் பயிற்றுநராக இருந்தவர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த காலத்தில், 2008ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஈட்டியெறி வீரர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகிய இருவருக்கும் அவர் பயிற்சி அளித்தார். அதுவரை பேஸ்போலையே அறியாதிருந்த அவ்விருவரும் அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் அணியால் ஒப்பந்தம் செய்யப்பட்டமை, எறிதல் கற்பிக்கத்தக்க ஒரு கலை என்பதற்குச் சான்றாக நின்றது.

இலங்கையில் இப்பணிக்கு மிக நெருங்கியது கிரிக்கெட்டின் வேகப்பந்து வீச்சுப் பயிற்றுநரின் பணியாகும். இரண்டுக்குமிடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. பேஸ்போலில் முழங்கை மடிந்து விரிவதும் வேகத்திற்கு ஓர் ஊற்றாக அமைய, கிரிக்கெட்டில் பந்து கையை விட்டு நீங்கும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்று சர்வதேச விதி தடுக்கிறது. எனவே வேகம் ஓட்டத்திலிருந்தும், முன்பாதம் தரையில் ஊன்றும் கணத்தில் உடலின் மேற்பகுதி திரும்புவதிலிருந்துமே பெறப்படுகிறது. இதன் விளைவாக உபாதை தோன்றும் இடமும் மாறுகிறது: பேஸ்போலில் முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிய, கிரிக்கெட்டில் கீழ்முதுகு எலும்பில் நுண்வெடிப்பு உண்டாகிறது. இடுப்பு ஒரு திசையையும் தோள்கள் வேறொரு திசையையும் நோக்கி நிற்கும் கலப்பு முறையில் வீசும் இளைஞர்களுக்கு இவ்வாபத்து கூடுதல் என்பதனால், அதனைப் பதின்ம வயதிலேயே கண்டுபிடித்துத் திருத்துவது பயிற்றுநரின் முதற்கடமையாகிறது.

இத்துறையில் இலங்கையின் மூத்தவர்களுள் ஒருவரான ருமேஷ் ரத்நாயக்க, பம்பலப்பிட்டி சென். பீட்டர்ஸ் கல்லூரியின் பழைய மாணவர். காலி வீதியில், வெள்ளவத்தைக் கால்வாய்க்கு வடக்கே அமைந்துள்ள அக்கல்லூரி 1922 ஜனவரி 18 அன்று, மருதானை சென். ஜோசப் கல்லூரியின் கிளையாக அருட்தந்தை லெ கொக் அடிகளாரால் தொடங்கப்பட்டது. 1933 முதல் தாய்க்கல்லூரியுடன் நடைபெற்றுவரும் வருடாந்தப் பெரும்போட்டி கொழும்பின் பாடசாலைக் கிரிக்கெட்டில் தனி இடம் பெற்றது. ரோய் டயஸ், அமல் சில்வா, பிற்காலத்தில் ரசல் ஆனல்ட் போன்ற துடுப்பாட்ட வீரர்களை அளித்த அதே கல்லூரியே இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களையும் ஒரே தலைமுறையில் அளித்தது. அவர்களுள் மூத்தவரான வினோதன் ஜோன் ஆறே டெஸ்ட் போட்டிகளில் 28 விக்கெட்டுகளை, விக்கெட்டுக்கு 22 ஓட்டங்களுக்கும் குறைவான சராசரியில் வீழ்த்தியவர். அத்தகைய ஒருவர் ஆறு போட்டிகளுடன் நின்றுபோனமை இலங்கைக் கிரிக்கெட் வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஓர் இழப்பு என்றே கொள்ள வேண்டும்.

ஜோனும் ரத்நாயக்கவும் 1983ஆம் ஆண்டு நியூஸிலாந்துப் பயணத்தில் ஒன்றாக ஆடினர். வெலிங்டனில் ரத்நாயக்க வீசிய, மார்புக்கு மேல் எழும் பவுன்சர் பந்தொன்று ஜோன் ரைட்டின் மூக்கை உடைத்தது. வழிந்த குருதியைக் கண்ட பத்தொன்பது வயதுப் பந்துவீச்சாளர் மயங்கி விழுந்தார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், 1985 செப்டெம்பர் 11 அன்று பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் வெற்றியை, இந்தியாவை 149 ஓட்டங்களால் தோற்கடித்துப் பெற்றபோது, இரு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தியவரும், கபில் தேவ் அடித்த பந்தைத் தானே பாய்ந்து பிடித்து ஆட்டத்தை முடித்துவைத்தவரும் அவரே. 1989இல் ஹோபார்ட்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 66 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள், 1991இல் லோர்ட்ஸில் ஐந்து விக்கெட்டுகளுடன் ஓர் அரைச்சதம் என்று அவர் தொடர்ந்து எழுந்து நின்றார்.

எனினும் அவரது டெஸ்ட் வாழ்வு 23 போட்டிகளிலும் 73 விக்கெட்டுகளிலும் அடங்கிவிட்டது. உபாதைகள் ஒரு காரணம். நாட்டின் நிலை மற்றொரு காரணம். 1987 ஏப்ரலில் கொழும்பு மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்ததையடுத்து நியூஸிலாந்து அணி பயணத்தை இடைநிறுத்தித் திரும்பியது. அதன் பின் 1992 ஆகஸ்ட் வரை இலங்கை மண்ணில் ஒரு டெஸ்ட் போட்டியேனும் நடைபெறவில்லை. இருபத்துமூன்று வயது முதல் இருபத்தெட்டு வயது வரை ஒரு வேகப்பந்து வீச்சாளரின் உடல் உச்சத்தில் நிற்கும் காலம் எனின், அக்காலம் முழுவதும் ரத்நாயக்க சொந்த மைதானத்தில் ஒரு டெஸ்ட் பந்தைக்கூட வீச இயலாதவராக இருந்தார். போட்டிகள் இலங்கைக்குத் திரும்புவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1992இன் தொடக்கத்தில், பாகிஸ்தானில் அவரது இறுதி டெஸ்ட் முடிந்துவிட்டிருந்தது.

பயிற்றுநராக அவர் அடைந்தவை இப்பின்னணியில் வைத்து மதிக்கப்பட வேண்டியவை. ஆசிய கிரிக்கெட் சபையின் பணியில், கிரிக்கெட் இன்னும் வேரூன்றாத நாடுகளின் வீரர்களுக்கு அடிப்படைகளைக் கற்பித்த அனுபவம் அவருக்கு உண்டு. பழக்கமற்ற உடலுக்குப் பந்துவீச்சைச் சொல்லிக்கொடுக்கும் அவ்வேலை, டொம் ஹவுஸ் ஈட்டியெறி வீரர்களிடம் மேற்கொண்டதற்கு ஒப்பானது. 2011இல் அவுஸ்திரேலியத் தொடருக்கு இலங்கை அணியின் இடைக்காலத் தலைமைப் பயிற்றுநராகவும், பின்னர் தேசிய வேகப்பந்து வீச்சுப் பயிற்றுநராகவும் அவர் கடமையாற்றினார். 2019 ஒக்டோபரில் முன்னணி வீரர்கள் பலர் பாகிஸ்தான் செல்ல மறுத்த நிலையில், மீண்டும் இடைக்காலப் பொறுப்பேற்ற அவரது இளம் அணி, இருபதுக்கு இருபது தரவரிசையில் அப்போது முதலிடத்திலிருந்த பாகிஸ்தானை லாகூரில் 3–0 என வென்றது. 2024 ஜூலை 28 அன்று தம்புள்ளையில் இலங்கை மகளிர் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வீழ்த்தி முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோதும் தலைமைப் பயிற்றுநர் அவரே.

அமெரிக்காவில் 2014இல் வெளியிடப்பட்ட இளையோர் பேஸ்போல் வழிகாட்டி, 17, 18 வயதுப் பந்தெறிவாளர் ஒரு நாளில் 105 பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்கிறது. கொழும்பின் பாடசாலை அணிகள் பலவற்றில் ஒரே பயிற்றுநர் துடுப்பாட்டம், களத்தடுப்பு, பந்துவீச்சு மூன்றையும் கவனிக்க, பருவகாலத்தில் ஒரு பதினேழு வயது மாணவன் வலைப்பயிற்சியில் வீசும் பந்துகள் எவருடைய குறிப்பேட்டிலும் ஏறுவதில்லை. பெரும்போட்டிக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு, அவனுடைய முதுகைக் காக்கவும் பந்துகளை எண்ணவும் தகுதிபெற்ற ஒருவரை அமர்த்துவதற்குப் போதுமானது. அத்தகைய பணிக்கு ஏற்ற முன்னாள் வேகப்பந்து வீச்சாளர்கள் இந்நகரிலேயே வாழ்கிறார்கள்.