தாயக்கட்டைக்குள் ஒரு பள்ளிக்கணக்கு

நிக்டியில் மராத்தியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பில் ‘சம்பாவ்யதா’ என்று ஒரு பாடம் வருகிறது. தமிழில் நிகழ்தகவு என்பர். இதில் மார்க்கு போவது எண்ணுகிற இடத்தில்தான்.

நம் வீட்டுத் தாயக்கட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் 0 முதல் 6 வரை ஏழு தொகைதான் வரும். உடனே பிள்ளை, “தாயம் விழ ஏழில் ஒரு பங்கு” என்று எழுதிவிடும். தவறு. முதல் கட்டையின் ஒவ்வொரு முகத்தோடும் மற்றதன் நான்கு முகமும் சேரலாம்; ஆக 4 x 4 = 16 வகை. அவற்றுள் தாயம் இரண்டு: இந்தக் கட்டையில் ஒன்று அந்தக் கட்டை வெறுமை, அல்லது மாறி. எனவே எட்டில் ஒரு பங்கு. இதே சறுக்கலில் பிரெஞ்சு மேதை டாலம்பேர்கூட விழுந்தார். ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1754-ல் எழுதினார். சரியான விடை நான்கில் மூன்று.

மீதியையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு 3 வகை, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1, இரண்டும் வெறுமையான பன்னிரண்டு 1. மறு ஆட்டம் தருகிற 1, 5, 6, 12 எல்லாமே அரிதாக விழுபவை; சேர்த்தாலும் பதினாறில் ஆறுதான். விதி வகுத்த பாட்டிமார் கணக்கு தெரியாதவர்கள் என்று யார் சொன்னது? எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போவது மூன்று தடவைக்கு ஒரு தடவை நடக்கும். கட்டையைத் திட்டிப் பயனில்லை.

இப்படி வகைகளை எண்ணும் கலைக்குப் பொது விதி சொன்னவர் மகாவீராசாரியார். சமணர், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தவர், கி.பி. 850 வாக்கில். (அந்த ராஜ்ஜியத்தில் இன்றைய மகாராஷ்டிரமும் பெரும்பகுதி அடக்கம்.) அவருடைய ‘கணித சார சங்கிரகம்’ நூலை ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-ல் சென்னையில் வெளியிட்டார். அறுசுவையை ஒன்றொன்றாக, இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் 6, 15, 20, 15, 6, 1, மொத்தம் 63. எந்தச் சமையற்காரரும் அத்தனையும் செய்து பார்த்திருக்க மாட்டார்!

ஒரு எச்சரிக்கை. சோழியில் இந்தக் கணக்கு செல்லாது. சோழி வாய் மேலாக விழுவதும் கவிழ்ந்து விழுவதும் சமமல்ல. சமமான வகைகளைத்தான் எண்ணி வகுக்கலாம். சோழிக்கு நூறு, இருநூறு தடவை உருட்டி நோட்டில் குறித்துத்தான் பார்க்க வேண்டும். லீவு நாளில் பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள்.