புதிய பூனைக்கு இடமளிப்போமா?

செங்காங் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் திரியும் பூனைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்க, இன்னொன்றையும் ஏற்க விரும்பினால் நாம் செய்ய வேண்டுவன யாவை?

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க இருந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் நாள் நீங்கியது. ஒரு வீட்டில் 2 பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் பெறுதல் வேண்டும். ஆதலின் இரண்டு உள்ள வீட்டார் மூன்றாவதை ஏற்றல் ஆகாது.

அடுத்து, அதன் இடக்காதைக் காண்க. நுனி வெட்டப்பட்டிருப்பின், அதற்குக் கருத்தடை செய்யப்பட்டுள்ளது என்பது பொருள். அக்கம்பக்கத்தார் அதற்கு உணவிட்டுப் பேணி வரலாம். அவர்களைக் கேளாமல் தூக்கி வருதல் முறையன்று.

பின்னர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போடுதல் வேண்டும். பூனைகளுக்கிடையே பரவும் கொடிய குடல் நோய், தடுப்பூசி போடாத குட்டிகளின் உயிரையே பறித்துவிடும். எனவே புதிய பூனையை இரு வாரங்களேனும் தனியறையில் வைத்து, உணவுத் தட்டையும் மணற்பெட்டியையும் தனியே கொடுத்தல் நன்று.

பூனைகள் மோப்பத்தால் ஒன்றையொன்று அறிவன. நோயில்லை என்று தெளிந்தபின், ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் அருகில் வைத்து, மணம் பழகிய பின்னரே நேரில் சந்திக்க விடலாம்.

புதிய உயிருக்கு இடமளிக்கும்போது, முன்னமே நம்மை நம்பி வாழும் உயிரையும் மறவாதிருப்போமாக!